வாசிக்கும் முன் பார்ப்போம்

(நம் பங்கின் யூபிலியையொட்டிப் பங்கு மன்றத்தில் நடைபெற்ற எழுத்தோவியக் கண்காட்சியைத் திறந்துவைத்துப் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



சற்றுமுன் நாடாவை வெட்டிவிட்டு எல்லாரும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். அப்போது பெரியவர் ஒருவர் என் பக்கத்தில் வந்து, "சாமி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பாதி எழுத்தை வாசிக்க முடியல்லியே! கடைசியில தொங்குகதுல எழுத்தே இல்ல. பயலுவ எழுத மறந்துட்டானுவளோ?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இங்கே வந்திருக்கும் பலருடைய மனத்திலும் அதே கேள்வி இருக்கும். எழுத்து என்றால் வாசிப்பதற்கு. வாசிக்க முடியாத எழுத்தைச் சுவரில் மாட்டிவைத்துக் கண்காட்சி என்று ஏன் அழைக்கிறார்கள்? அந்தப் பெரியவருக்குப் பதில் சொல்வதாகவே என் உரையை அமைத்துக்கொள்கிறேன். கடைசியில் தொங்கும் அந்த வெள்ளைத் தாளைப் பற்றி இறுதியில் சொல்லுகிறேன். அதைப் பிள்ளைகள் மறக்கவில்லை.

முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. நம் ஆலயப் பீடத்துக்கு மேலே தொங்கும் பாடுபட்ட சுரூபத்தில், ஆண்டவருடைய தலைக்கு மேல் ஒரு சிறு பலகை இருக்கிறதே, அதில் எத்தனை எழுத்துகள்? "நான்கு" என்று சிறுவர்கள் விரலைக் காட்டுகிறார்கள். பெரியவர்கள் யோசிக்கிறீர்கள். ஐ, என், ஆர், ஐ என்னும் நான்கு இலத்தீன் எழுத்துகள். 'நாசரேத்தூர் இயேசு, யூதர்களின் அரசர்' என்பதன் முதலெழுத்துகள். பிலாத்து அதை எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் ஆகிய மூன்று மொழிகளில் எழுதிவைத்தான் என்று யோவான் நற்செய்தி சொல்லுகிறது. பிறந்த நாள் முதல் நாம் பார்த்துவரும் எழுத்து அது. நம் பாட்டிமார் அதை வாசித்ததில்லை. ஆனால் அந்தப் பலகை இல்லாத சிலுவையை அவர்களிடம் கொடுத்திருந்தால், "என்னமோ குறையுது சாமி" என்று சொல்லியிருப்பார்கள். வாசிக்காமலே அந்த எழுத்து அவர்களோடு பேசியிருக்கிறது.

கருங்கல்லும் எழுத்தும்

நம் ஊரின் பெயரே கருங்கல். கல்லின் பெயரைத் தாங்கிய ஊரில் எழுத்தைப் பற்றிப் பேசுவது பொருத்தமே. ஏனெனில் நம் முன்னோர் அழியக்கூடாது என்று எண்ணியதையெல்லாம் கல்லில்தான் வெட்டினார்கள்.

இங்கிருந்து மார்த்தாண்டம் சென்று சற்று வடக்கே போனால் சிதறால் மலை. பள்ளிச் சுற்றுலாவாக நம் பிள்ளைகள் அங்கே போவதுண்டு. அந்த மலையில் சமணர்கள் வாழ்ந்த காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில், வட்டெழுத்தில் வெட்டப்பட்ட ஒன்றும் அவற்றுள் உண்டு. மொழி தமிழ்தான். ஆனால் இன்று நம்மில் எவராலும் எழுத்தைக் கூட்டி வாசிக்க முடியாது. வளைந்து வளைந்து போகும் கோடுகளைப் பார்த்துவிட்டு, 'ஏதோ கோழி கிளறியதுபோல் இருக்கிறது' என்று இறங்கி வந்துவிடுவோம். அறிந்தவர்கள் வாசித்துச் சொன்னபோது அதில் என்ன இருந்தது தெரியுமா? குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் பெண் துறவி ஒருவர் அங்குள்ள தெய்வத்துக்குப் பொன் அணிகள் வழங்கினார் என்பது! ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணின் பெயரும் அவர் கையால் கொடுத்த காணிக்கையும், கோழி கிளறல் என்று நாம் எண்ணிய அந்தக் கோடுகளுக்குள் உறங்கிக்கொண்டிருந்தன.

இன்னும் அண்மைக்கு வருவோம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள்வரை நாம் திருவிதாங்கூர்ப் பகுதியைச் சேர்ந்தவர்கள். ஆகவே நம் வீட்டுப் பெட்டிகளில் இருக்கும் பழைய ஆதாரங்கள் பலவும் மலையாள எழுத்தில் இருக்கின்றன. தாத்தா காலத்து நிலத்துக்குரிய தாள். பேரனுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அதை எவரும் எறிந்துவிடுவதில்லை. துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறோம். நிலத்துக்காக மட்டுமா? அதில் தாத்தாவின் ஒப்பம் இருக்கிறது அல்லவா!

கணக்கு நோட்டிலிருந்து ஒரு பாதை

இந்த மலையாள எழுத்தை ஓவியமாக்கிய ஒரு பெரிய கலைஞரைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். அவர் பெயர் கே. சி. எஸ். பணிக்கர். 1911-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் ஒரு மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் குடும்பத்தைத் தாங்குவதற்காகத் தந்தி இலாகாவில் வேலை பார்த்தார். பிறகுதான் சென்னை அரசு ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அங்கேயே ஆசிரியராகி, 1957-ஆம் ஆண்டு அப்பள்ளியின் முதல்வருமானார். அவருடைய முற்கால ஓவியங்களுள் ஒன்று, மலைப்பொழிவில் ஆண்டவர் சமாதானம் செய்வோரைப் பற்றிக் கூறிய பேற்றையே தலைப்பாகக் கொண்டது.

பேரும் புகழும் இருந்தும் அவர் மனத்தில் ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது. 'நான் வரைவது என் மண்ணின் ஓவியமா? அல்லது பாரிஸிலும் இலண்டனிலும் வரைவதை நானும் வரைகிறேனா? பழைய அஜந்தாவைப் பார்த்து வரைந்தாலும் அதுவும் கடன்தானே?' இப்படிப் பல ஆண்டுகள் தேடினார். விடை எங்கே கிடைத்தது என்று நினைக்கிறீர்கள்? மாமல்லபுரத்திலா? அயல்நாட்டு அருங்காட்சியகத்திலா? இல்லை. 1963-ஆம் ஆண்டு தற்செயலாக ஒரு மாணவனின் கணக்கு நோட்டின் பக்கம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. எண்கள், அல்ஜீப்ரா எழுத்துகள், வடிவகணிதக் கோடுகள். கணக்குச் சரியா தவறா என்று அவர் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தையே ஒரு படமாகப் பார்த்தார். அந்தப் பார்வையிலிருந்து அவருடைய 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசை பிறந்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. ஏறத்தாழ என் வயது. இந்த வயதிலும் ஒருவர் புதிதாகத் தொடங்கலாம் என்பதை எனக்கும் நினைவூட்டிக்கொள்கிறேன்.

அவர் செய்த முறை என்ன? ஒரு பரப்பை எடுத்துக்கொண்டு, அதில் நம் வீட்டு ஜாதகக் கட்டம்போல் கட்டங்களை அமைத்தார். பஞ்சாங்கத்தில் வருவதுபோன்ற அட்டவணைகள், எண்கள், மீன், பாம்பு, பறவை ஆகியவற்றின் உருவங்கள், இவற்றிடையே வரிவரியாக எழுத்துகள். பார்த்தவுடன் மலையாளம் என்று தோன்றும். கிட்டப் போய் வாசித்தால் வாசிக்க வராது. வேண்டுமென்றே அப்படிச் செய்தார். ஏன்? வாசிக்க முடிந்தால் நாம் வாசித்து முடித்துவிட்டுப் போய்விடுவோம். 'பால் விலை', 'பேருந்து நேரம்' என்று பொருளை எடுத்துக்கொண்டு எழுத்தை விட்டுவிடுவோம். வாசிக்க முடியாதபோது நிற்கிறோம். நின்றால்தான் கோட்டின் வளைவையும், கை அழுத்திய இடத்தையும், நழுவிய இடத்தையும் பார்க்கிறோம். எழுத்திலிருந்து பொருளை அவர் எடுத்துவிட்டார். எழுதும் கையை மட்டும் மீதி வைத்தார்.

இது புதுமையா? தானியேல் ஆகமத்தை நினைத்துப் பாருங்கள். அரசன் பெல்சாட்சர் விருந்து வைத்துக் களித்திருந்தபோது, சுவரில் ஒரு மனிதக் கையின் விரல்கள் எழுதின. நாட்டின் ஞானிகள் எவராலும் அதை வாசிக்க முடியவில்லை. ஆனால் வாசிக்கும் முன்னரே அரசனின் முகம் வெளுத்தது, முழங்கால்கள் நடுங்கின. எழுதிய விரலை அவன் கண்டுவிட்டான். பொருள் பின்னரே வந்தது. நம் ஆண்டவரும் ஒருமுறை விரலால் தரையில் எழுதினார். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கல்லால் எறிய வந்தவர்கள் முன்னால். என்ன எழுதினார் என்று நற்செய்தியாளர் நமக்குச் சொல்லவில்லை. எழுதினார் என்பதை மட்டும் சொன்னார். அந்தக் காலத்தில் நம் ஊர்ப் பிள்ளைகள் ஆசானிடம் மணலில் விரலால் எழுதிப் பழகினார்களே, அதுபோல் ஒரு மண்ணெழுத்து. காற்றடித்தால் போய்விடும். ஆனால் இரண்டாயிரம் ஆண்டுகளாக அதை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பணிக்கரிடம் நான் மதிக்கும் மற்றொன்றும் உண்டு. தம் மாணவர்கள் படிப்பு முடிந்தபின் வயிற்றுப் பிழைப்புக்காகக் கலையை விட்டுவிடுவதைக் கண்டு அவர் வருந்தினார். அதனால் சக கலைஞர்களையும் மாணவர்களையும் கூட்டி, பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்கச் சொன்னார். அந்தப் பணத்தில் 1966-ஆம் ஆண்டு சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில், ஈஞ்சம்பாக்கத்தில், ஏறத்தாழப் பத்து ஏக்கர் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். அதுவே சோழமண்டலம் ஓவியர் கிராமம். கொஞ்ச நேரம் பிழைப்புக்கு, மீதி நேரம் கலைக்கு. நம் மக்களுக்கு இது புதிதல்ல. விடியற்காலையில் ரப்பர் மரத்தில் பால்வெட்டிவிட்டு வந்து பாடற்குழுவில் நின்று பாடுகிறவர்கள் நம்மிடையே இல்லையா? 1977-ஆம் ஆண்டு பணிக்கர் காலமானார். ஓவியர் கிராமம் இன்றும் இருக்கிறது. குருமட மாணவனாக இருந்தபோது ஒரு விடுமுறை நாளில் அங்கே சென்றேன். உண்மையைச் சொல்லுகிறேன், ஒன்றும் புரியவில்லை. 'இதை என் தம்பியும் கிறுக்குவான்' என்று நண்பனிடம் சொல்லிச் சிரித்தேன்.

பல ஆண்டுகள் கழித்து, நம் ஊரார் போவதுபோல் நானும் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்துக்கு, உறவினர் வீட்டுப் பிள்ளைகளை மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துக்கொண்டு போனேன். புலியையும் நீர்யானையையும் பார்த்து வெளியே வந்தோம். மழை பிடித்துக்கொண்டது. அதே வளாகத்தில் 1979-ஆம் ஆண்டு பணிக்கரின் பெயரால் திறக்கப்பட்ட ஓவியக்கூடத்தில் ஒதுங்கினோம். பிள்ளைகளில் ஒருத்தி, எட்டு வயது இருக்கும், ஓர் ஓவியத்தின் முன் நின்றுகொண்டு, "இது யாரு எழுதினது?" என்று கேட்டாள். 'என்ன எழுதியிருக்கிறது' என்று அவள் கேட்கவில்லை. 'யார் எழுதியது' என்று கேட்டாள். குருமட நாளில் நான் கேட்கத் தவறிய கேள்வி அது.

ஓர் அருட்சகோதரியின் பட்டுச் சட்டம்

பணிக்கர் கணக்கு நோட்டைக் கண்டுபிடித்த அதே 1963-ஆம் ஆண்டு டிசம்பர் நான்காம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டது. தாய்மொழியில் திருப்பலி காண நமக்குக் கதவு திறந்தது அதனால்தான். அந்நாளில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், மரியாயின் மாசற்ற திரு இருதயச் சபையைச் சேர்ந்த சகோதரி கொரீட்டா என்பவர் கல்லூரியில் ஓவியம் கற்பித்துவந்தார். எழுத்துகளைக் கொண்டே படம் செய்தவர் அவர்.

அவருடைய முறை மிக எளியது. நம் கருங்கல் சந்தியில் கலியாண அழைப்பிதழ் அச்சடித்துத் தருகிறார்களே, அதே ஸ்கிரீன் பிரிண்டிங்தான். மரச்சட்டத்தில் பட்டுத்துணியை இழுத்துக் கட்டி, வேண்டாத இடத்தை அடைத்துவிட்டு, மையை ரப்பர் பட்டையால் அழுத்தித் தள்ளினால், திறந்த இடத்தின் வழியே மை இறங்கித் தாளில் பதியும். எழுத்துகளை அவர் எங்கிருந்து எடுத்தார்? கடைகளிலிருந்து! மளிகைப் பொருள்களின் உறைகள், பத்திரிகை விளம்பரங்கள், சாலைப் பலகைகள். அவற்றைக் கசக்கியும் வளைத்தும் பார்த்து, அந்த வளைந்த எழுத்தையே படமாக்கினார். ரொட்டி உறையில் இருந்த வண்ணப் புள்ளிகளும் விளம்பரச் சொற்களும் அவர் கையில் நற்கருணையை நினைவூட்டும் படங்களாயின. தம் படங்களை எண்ணிக்கை குறைத்து விலையேற்றாமல், சாதாரண மக்களும் வாங்கும்படி நிறைய அச்சிட்டார்.

மாணவிகளுக்கு அவர் ஒரு சிறு கருவி கொடுப்பார். அட்டையில் சதுரமாக ஒரு துளை, அவ்வளவுதான். அந்தத் துளையைக் கண்ணுக்கு முன் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்க்கச் சொல்லுவார். முழுத் தெருவையும் பார்த்தால் ஒன்றையும் பார்ப்பதில்லை. ஒரு துளைக்குள் அகப்பட்டதை உற்றுப் பார்த்தால் அது புதிதாகத் தெரியும்.

1964-ஆம் ஆண்டு நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் வத்திக்கான் மண்டபத்துக்காக, மலைப்பொழிவின் பேறுகளை எழுத்துகளால் அமைத்து நாற்பது அடி நீளப் படம் ஒன்றைச் செய்துகொடுத்தார். எல்லாரும் பாராட்டவில்லை. தக்காளி விளம்பரச் சொல் ஒன்றை எடுத்து அன்னை மரியாவைப் போற்றும் படத்தில் அவர் வைத்தபோது, பலர் மனம் புண்பட்டார்கள். திருச்சபை அதிகாரிகளுக்கும் அவருடைய பணி பிடிக்கவில்லை. 1968-ஆம் ஆண்டு சபையை விட்டு வெளியேறினார். 1986-ஆம் ஆண்டு இறக்கும்வரை ஓவியப் பணியைத் தொடர்ந்தார். சரி, தவறு என்று தீர்ப்புச் சொல்ல இன்று நான் இங்கே நிற்கவில்லை. அன்றாடம் நாம் மிதித்துப் போகும் காகிதத்திலும் நின்று பார்க்க ஏதோ உண்டு என்று காட்டினார் அல்லவா, அதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

நம் பிள்ளைகள் செய்தது

நம் இளைஞர்களும் இந்த வழியில்தான் நடந்தார்கள். முதலில் அட்டையில் துளை போட்டுக்கொண்டு சந்தை, பேருந்து நிலையம், கல்லறைத் தோட்டம் எல்லாம் சுற்றினார்கள். சிலர் இவர்களைப் பார்த்து, 'பயலுவளுக்குக் கிறுக்குப் பிடிச்சாச்சு' என்று சொன்னதும் என் காதில் விழுந்தது. பிறகு பொறுக்கி எடுக்கும் வேலை. நூறு எழுத்து பார்த்தால் பத்தைக் குறித்துக்கொண்டார்கள். பத்தில் இரண்டு படத்துக்கு வந்தது.

கல்லறைத் தோட்டத்துக் கற்களிலிருந்து படி எடுத்ததுதான் கடினமான வேலை. கல்வெட்டு ஆய்வாளர்கள் நனைத்த தாளைக் கல்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் குழிக்குள் இறக்கி, மேலே மையொற்றி மைப்படி எடுப்பார்கள். நம் பிள்ளைகள் முதல்நாள் அதைச் செய்து பார்த்ததில் தாள் எல்லாம் கிழிந்தது. மறுநாள் எளிய வழியைப் பிடித்தார்கள். பாசியைத் தென்னை நாரால் மெல்லத் தேய்த்துக் கழுவி, கல் உலர்ந்தபின் மெல்லிய தாளை வைத்து, அடுப்புக்கரியால் படுக்கை வாட்டில் தேய்த்தார்கள். வெட்டிய இடம் வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் எழும்பி வந்தது. வெறுங்கண்ணுக்குத் தெரியாதிருந்த ஒரு குழந்தையின் பெயர் தாளில் தெரிந்தபோது, அந்தப் பையன்கள் பேச்சற்று நின்றதை நான் கண்டேன்.

மூன்றாவது வரிசையில் சுண்ணாம்புக் கோடுகள் இருக்கின்றன. பால் கொடுக்கும் அம்மா ஒருவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். கதவுக்குப் பின்னால் நாளுக்கு ஒரு கோடாக இழுத்துக் கணக்கு வைத்திருந்தார். பால் கொடாத நாளில் கோடில்லை. அந்த இடைவெளிகளுக்குக் காரணம் கேட்டபோது, "அது பசு செத்த மாசம்" என்றாராம். அதைக் கண்ணால் பார்த்து, அளந்து, அப்படியே பெரிதாக்கி அச்சிட்டிருக்கிறார்கள். வாசிக்க அதில் எழுத்தில்லை. ஆனால் ஒரு வீட்டின் துயரம் அந்த வெற்றிடத்தில் இருக்கிறது.

படங்களைத் தொங்கவிட்டதிலும் கவனம் இருக்கிறது. முதலில் எல்லாவற்றையும் நெருக்கி மாட்டினார்கள்; திருவிழாக் கடைபோல் இருந்தது. பாதியை எடுத்துவிட்டார்கள். தாம் பாடுபட்டுச் செய்ததைத் தாமே எடுத்து ஒதுக்கிவைப்பது எளிதல்ல. ஒருவருக்கொருவர் மனத்தாங்கலும் வந்தது. ஆயினும் மீதி இருப்பவை மூச்சுவிட இடம் பெற்றன. வயதானவர்களும் குழந்தைகளும் பார்க்க வசதியாகத் தாழ்வாக மாட்டியிருக்கிறார்கள். அந்த அன்புக்காக அவர்களைப் பாராட்டுகிறேன்.

அந்த வெள்ளைத் தாள்

இனி அந்த வெள்ளைத் தாளுக்கு வருகிறேன். பெரியவர் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: அது பிள்ளைகள் மாட்டியதல்ல, நான் மாட்டியது.

குருவான புதிதில், ஒரு சிறிய ஊரின் ஆலயம் என் பொறுப்பில் இருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். ஆலயத்துக்குள் நுழைந்ததும் இடப்புறச் சுவரில், சுண்ணாம்புப் பூச்சின்மேல் நீலத்தால் எழுதிய ஒரு பெயர்ப்பட்டியல் இருந்தது. மேலே, 'கல் சொமந்தவங்க' என்ற தலைப்பு. கீழே நாற்பதுக்கு மேற்பட்ட பெயர்கள். ஆலயம் கட்டிய காலத்தில் கல்லும் மணலும் தலைச்சுமையாகக் கொண்டுவந்தவர்களின் பெயர்கள். எழுத்து ஏறியும் இறங்கியும் இருக்கும். எழுத்துப் பிழைகள் ஏராளம். ஆரோக்கியம் என்பதில் இடையின 'ர' இருக்கவேண்டிய இடத்தில் வல்லின 'ற' இருக்கும். குருமடத்தில் இலக்கணம் கற்று வந்த எனக்கு அது கண்ணில் விழுந்த தூசிபோல் உறுத்தியது. திருவிழாவுக்கு முன் சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்னேன். அந்த இடத்தில் பளிங்குப் பலகை ஒன்று வைத்தேன். அழகான எழுத்து. ஒரு பிழை கிடையாது. அதில் இருந்தவை திருவிழாவுக்குப் பெருந்தொகை கொடுத்தவர்களின் பெயர்கள்.

அன்று மாலை ஒரு வயதான தாய் வந்து அந்தச் சுவரின் முன் நின்றார். உள்ளங்கையால் சுவரைத் தடவினார். ஏதோ வேண்டுதல் என்று எண்ணி அருகில் போனேன்.

"சாமி, எங்க அப்பன் எழுத்து இங்க இருந்துதே," என்றார்.

"உங்கள் அப்பாவின் பெயரா அம்மா?"

"பேரு இல்ல சாமி. எழுதினதே எங்க அப்பனாக்கும். கொத்தவேலை. போட்டோ ஒண்ணும் கெடையாது. இதத்தான் வந்து பாத்துக்கிட்டுப் போவேன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "நிறையப் பிழை இருந்தது அம்மா, அதனால்தான்," என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "பிழ இருந்தா என்ன சாமி, அவியளுக்கு அவ்வளவுதான தெரியும்," என்றார். சொல்லிவிட்டு முழந்தாட்படியிட்டுச் செபித்துவிட்டுப் போனார்.

மறுநாள் நானே ஒரு தகட்டை எடுத்துச் சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்தேன். மேல்பூச்சோடு கீழே இருந்த நீலமும் பெயர்ந்து பொடியாய் உதிர்ந்தது. ஓர் எழுத்தும் கிடைக்கவில்லை. அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். மாற்றலாகி வந்துவிட்டேன். பிறகு அவர் இறந்துபோனார் என்று கேள்விப்பட்டேன். ஒப்புரவு அருட்சாதனத்தில் ஆண்டவரிடம் அதைச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தாயிடம் சொல்லவில்லை. அதனால்தான் இன்று உங்களிடம் சொல்லுகிறேன். கண்காட்சியில் எல்லாரும் ஓர் எழுத்தைக் கொண்டுவர வேண்டும் என்று பிள்ளைகள் சொன்னபோது, கொண்டுவர எனக்கு அந்தச் சுவர்தான் இருந்தது. ஒரு தாளுக்குச் சுண்ணாம்பு அடித்து மாட்டினேன்.

அன்புக்குரியவர்களே, அன்று அந்தச் சுவரில் பிழையை மட்டும் வாசித்தேன். எழுத்தை நான் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் மண்ணும் சுண்ணாம்பும் பட்டுக் காய்த்துப்போன ஒரு கொத்தனின் கை, பழக்கமில்லாத தூரிகையைப் பிடித்துக்கொண்டு, தன்னோடு கல் சுமந்தவர்களில் ஒருவரையும் விட்டுவிடக்கூடாது என்று எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதியது தெரிந்திருக்கும். பணிக்கர் ஒரு மாணவனின் கணக்கு நோட்டில் கண்டதும், சகோதரி கொரீட்டா ரொட்டி உறையில் கண்டதும், திருவனந்தபுரத்தில் எட்டு வயதுச் சிறுமி கேட்டதும் அதுதானே. எழுத்துக்குப் பின்னால் ஆள் இருக்கிறார்.

யூபிலி ஆண்டில் நாம் எல்லாவற்றையும் புதுப்பிக்க விரும்புகிறோம். நல்லது. சந்தியெங்கும் கணினியில் அடித்த பிளெக்ஸ் தட்டிகள் வந்துவிட்டன. கையால் பலகை எழுதிப் பிழைத்தவர்கள் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள். அதைத் தடுக்க நம்மால் ஆகாது. ஆனால் நம் கையில் இருப்பதை நாம் காக்கலாம். பங்குப் பேரவையினரிடம் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். நம் ஆலயத்திலோ கல்லறைத் தோட்டத்திலோ பழைய எழுத்து எதையும் படி எடுக்காமல் வெள்ளையடிக்கவோ, தேய்த்து மெருகிடவோ, பெயர்த்து எடுக்கவோ வேண்டாம். பங்குத்தந்தை சொன்னாலும் வேண்டாம்! அடுத்து, வீடுகளில் பழைய செபப் புத்தகங்களின் ஓரத்தில் எழுதிய பிறந்த நாள், இறந்த நாள் குறிப்புகளையும், கடிதங்களையும், ஆதாரங்களையும் கொண்டுவந்தால் இளைஞர்கள் படம் பிடித்துத் தருவார்கள். மூலம் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

இறுதியாக, வாசலருகே ஒரு நீண்ட தாள் விரித்து வைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் கரித்துண்டுகள் இருக்கின்றன. வெளியே போகும்போது ஒவ்வொருவரும் உங்கள் பெயரை உங்கள் கையால் எழுதிவிட்டுப் போங்கள். மற்றவருக்காக எழுதிக்கொடுக்க வேண்டாம். பிழை வந்தால் வரட்டும். அதை நான் திருத்த மாட்டேன். எழுதத் தெரியாத தாய்மார் ஒரு கோடு இழுங்கள், கைநாட்டு வையுங்கள். குழந்தைகள் கிறுக்குங்கள். அந்தத் தாளைச் சுருட்டி ஞானஸ்நானப் பதிவேடுகளோடு சேர்த்துப் பெட்டியில் வைக்கப்போகிறோம். அடுத்த யூபிலிக்கு வரப்போகிற பங்குத்தந்தை அதை விரித்துப் பார்க்கும்போது, முதலில் வாசிக்காமல் பார்க்கட்டும்.

முதலாவதாக எழுத, சற்றுமுன் என்னிடம் கேள்வி கேட்ட அந்தப் பெரியவரை அழைக்கிறேன். வாருங்கள் ஐயா.

இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!